பதினோராம் நம்பர் வீட்டு வாசற்படி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் அந்தக் கடற்கரைக்குப் போனது ஒரு பிணத்தைப் போட இடம் தேடித்தான்.

பயப்படாதீர்கள், காகிதப் பிணம். வாரப் பத்திரிகையில் நான் எழுதும் தொடரின் ஏழாவது அத்தியாயத்தில் ஒரு சாட்சி காணாமல் போகிறான். எட்டாவதின் கடைசி வரியில் அவன் கரை ஒதுங்க வேண்டும். முப்பது வருடமாக இதே தொழில். முன்பு ஒரு முறை வீட்டில் உட்கார்ந்தபடியே எர்ணாவூர்க் கரையில் ஒருவனை ஒதுக்கிவிட்டேன். "அந்த இடத்தில் மணலே கிடையாது, வெறும் பாறாங்கல். பிணம் எங்கேய்யா படுக்கும்?" என்று பதினாலு பேர் கடிதம் போட்டார்கள். அதிலிருந்து எந்த இடமானாலும் நேரில் போய்ப் பார்த்துவிடுவது.

ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி. திருவொற்றியூர் தாண்டி, கடல் அரிக்காமலிருக்கத் தண்ணீருக்குள் கல் கொட்டி நீட்டியிருக்கிறார்களே, தூண்டில் வளைவு, அப்படி இரண்டு கல் நீட்டல்களுக்கு நடுவே கொஞ்சம் மணல் சேர்ந்திருந்தது. பிணம் ஒதுங்க அருமையான இடம். நடந்துகொண்டே நோட்டில் எழுதினேன்:

அலை பின்வாங்கியபோது மணலில் ஒரு கை தெரிந்தது. மோதிர விரலில்—

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. ஏனென்றால் ஒரு குரல் என் காதைக் கிழித்தது.

"யோவ் கண்ணாடி! செவுத்து மேல நடக்குற பாரு!"

2

குனிந்து பார்த்தேன். என் ஷூவுக்கு அடியில் ஒரு கறுப்புக் கோடு. உள்ளங்கை அகலம், ஈரச் சேறு. அந்தக் கோடு நேராகப் போய், திரும்பி, ஒரு சதுரமாகி, அடுத்த சதுரத்தோடு ஒட்டிக்கொண்டு போனது. தலையைத் தூக்கினால் கரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடுகள். நடுநடுவே ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கத்தியவர் பூமாரி. காசிமேட்டில் மீன் விற்கிறவர் என்பதும், அறுபதை நெருங்குகிறார் என்பதும் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது விரல் மட்டும்.

"எங்க பெட்ரூம்ல நின்னுகினு கீற. எறங்கு மொதல்ல. வாசலாண்ட போய், அத்த கயட்டிட்டு, அப்பால வா."

"எதைம்மா?"

"ஷூவ, நைனா! வூட்டுக்குள்ள வர்றவன் இப்டியா வருவான்?"

வந்த வழியே பின்னால் போய், கோட்டில் விட்டிருந்த இடைவெளியைத் தேடி, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஒருவர்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டுமானால் தன் வாசலால் வெளியே வந்து, நாலடி நடந்து, அடுத்த வாசலால் நுழைகிறார்கள். ஒவ்வொரு வாசலுக்கு வெளியிலும் செருப்புகள்.

(இந்தச் செருப்புகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நியாயமாகப் பார்த்தால் துப்பை இப்படிப் பகிரங்கமாகக் காட்டக் கூடாது. இந்தக் கதையில் என் தொழில் தர்மம் கொஞ்சம் தளர்ந்து போயிருக்கிறது.)

3

கோடுகளைப் போட்டவள் டெபோரா. வயது முப்பத்து நாலு. ஓவியக் கல்லூரியில் படித்தவள். பெரிய ஊர்க் கண்காட்சிகளில் அவள் பெயருக்குக் கீழே 'நிலக்கலைஞர்' என்று போடுகிறார்களாம். மண், பாறை, கரை, இவற்றையே காகிதமாக வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள்.

அவள் போட்டிருந்தது சம்மனசு தெரு.* இருபத்திரண்டு வீடு. வாசலெல்லாம் கடலைப் பார்த்தபடி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரே மழைக்காலத்தில் கடல் அந்தத் தெருவை எடுத்துக்கொண்டது. அசல் தெரு நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் கிழக்கே, கல்லுக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. ஜனங்கள் எர்ணாவூர்க் குடியிருப்புக்கும் மணலி புதுநகருக்கும் சிதறிப் போனார்கள். அன்றைக்கு டெபோரா கூப்பிட்டு வந்து கட்டங்களுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான்.

"அளவெல்லாம் எங்கேயிருந்து கிடைச்சது? வரைபடம் இருந்ததா?" என்று கேட்டேன்.

"ஒரு பேப்பர் கூட இல்ல சார். கால்தான். ஒவ்வொருத்தரையா கிரவுண்டுக்கு இட்டுகினு போய் கண்ண மூடிக்கச் சொன்னேன். 'வாசல்ல நிக்கிறீங்க, அடுப்பாண்ட போங்க'ன்னேன். நடந்தாங்க. ஏழு அடி, எட்டு அடி, அப்டியே டக்குனு லெஃப்ட்ல திரும்புவாங்க. நான் பின்னாடியே கோடு போட்டுகினே போனேன்."

"இருபது வருஷம் கழிச்சுமா?"

"பூமாரி ஆன்ட்டி நடுவுல நின்னு ஒரு காலைத் தூக்கிச்சு. இன்னா ஆன்ட்டின்னேன். 'அங்க தண்ணிக் கொடம் கீது, இடிச்சிக்குவேன்'னிச்சு."

சேறு எண்ணூர் கழிமுகத்திலிருந்து மீன் பெட்டிகளில் வந்திருந்தது. ஏன் அந்தச் சேறு என்றேன். "கறுப்பா கீது, மணல்ல நல்லா தெரியும்" என்றாள். ஒரு கோட்டைச் சரிசெய்துவிட்டு, கேட்காமலேயே, "எங்க தாத்தா அந்தச் சேத்தக் கொட்டித்தான் தளம் போட்டாராம்" என்றாள்.

அவளுடைய அப்பா ஸ்டானிஸ்லாஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆறடிக்கு மேல் உயரம். பதினோராம் நம்பர் வீட்டுக்குள் ஃப்ளாஸ்கோடு நுழைந்துகொண்டிருந்தார். வானம்தான் கூரை. இருந்தும் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீட்டு நிலை தாழ்வு.

பிணத்துக்கு வந்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டதற்கு அந்தக் குனிதல்தான் காரணம்.

*சம்மனசு என்றால் தேவதூதர். தெருவின் அசல் பெயர் இதுவல்ல. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதம் போட்டுவிடாதீர்கள்.

4

இப்போது எனக்கு ஒரு வில்லன் தேவை. பழக்க தோஷம்.

ஸ்டானிஸ்லாஸின் கண்களில் ஒரு குரூரம்—

அடித்துவிட்டேன். மனிதர் சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருந்தார், கண்ணே தெரியவில்லை. போதாக்குறைக்கு வருகிறவர்களையெல்லாம் "டீ குட்ச்சியா? டீ குட்ச்சியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மெல்லிய உதடுகளில் ஒரு—

இதுவும் ஆகவில்லை. வில்லன் கிடைக்காவிட்டாலும் வழக்கு கிடைத்தது. பூமாரி சொன்னது இது.

பத்தாம் நம்பர் வீடு ஸ்டானிஸ்லாஸின் அக்கா இருதயம்மாளுடையது. அப்பன் மனையை இரண்டாகப் பிரித்துக் கட்டிய வீடுகள், நடுவில் ஒரு பொதுச்சுவர். சுவர் சரிந்தபோது ஸ்டானிஸ்லாஸ் புதிதாக எழுப்பினார். அக்கா பக்கம் ஒரு முழம் தள்ளி எழுப்பிவிட்டார் என்பது அக்காவின் கட்சி. பழைய அஸ்திவாரத்தின் மேல்தான் வைத்தேன் என்பது தம்பியின் கட்சி. பேச்சு முற்றியது. இருதயம்மாள் பதினோராம் நம்பர் வாசலில் நின்று, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, இப்படிச் சொன்னார்: "அந்தோணியார் மேல சத்தியம். இனிமே உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

இரண்டு வருடத்தில் கடல் வந்தது. ஒரே வாரத்தில் பத்து போயிற்று, பதினொன்று போயிற்று, அந்தச் சுவரும் போயிற்று. அவர் எர்ணாவூர் போனார், இவர் மணலி புதுநகர் போனார். சத்தியம் மட்டும் மிச்சம்.

ஆறு வருடம் முன்பு ஸ்டானிஸ்லாஸின் மனைவி இறந்தபோது இருதயம்மாள் மணலி புதுநகருக்கு வந்தார். காலையிலிருந்து பெட்டி எடுக்கும்வரை தெருவில் நின்றார். மழை. யாரோ குடை பிடித்தார்கள். உள்ளே போகவில்லை. பங்குச் சாமியார் பிறகு கூப்பிட்டு, "கோவத்தில் சொன்னதம்மா, கர்த்தர் மன்னிப்பார்" என்றிருக்கிறார். "கர்த்தர் மன்னிச்சிடுவாரு சாமி. அந்தோணியார கேக்கணுமே" என்றாராம்.

எனக்கு அந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. மழையில் ஒரு நாள் முழுக்க நிற்கிற அளவுக்கு அன்பும், ஒரு படியைத் தாண்டாத அளவுக்குப் பிடிவாதமும் ஒரே ஆளிடம் இருக்குமா? தொடர்கதையில் எழுதினால் ஆசிரியர் "ஏதாவது ஒன்றை வையுங்க சார்" என்பார். அதனால் நேரில் பார்த்துவிடுவோம் என்று திரும்பினேன். இருதயம்மாள் பத்தாம் நம்பர் வீட்டுக்குள், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கட்டை குட்டையான உருவம், அறுபத்தெட்டு வயது. கை தன்னால் தோள் உயரத்துக்குப் போய் ஸ்விட்ச் போட்டது. அங்கே காற்றுதான் இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

5

அந்தச் சுவரை டெபோரா எங்கே போட்டாள் என்று கேட்பீர்கள்.

அப்பாவை நடக்கவிட்டு அளந்தாள், அத்தையை நடக்கவிட்டு அளந்தாள். இரண்டையும் கூட்டினால் மனையைவிட ஒரு முழம் அதிகம் வந்தது. கால் பொய் சொல்லாது என்று நம்பியவளுக்கு இது பெரிய பேஜார். கடைசியில் அப்பா சொன்ன சுவர் ஒன்று, அத்தை சொன்ன சுவர் ஒன்று, இரண்டையும் போட்டுவிட்டாள். நடுவில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு சந்து. கடல் பக்கம் மட்டும் திறந்திருக்கும்.

"நீ அங்க போய் நில்லு" என்றார் பூமாரி என்னிடம். "அது யார் வூடும் இல்ல. யார் காலயும் மிதிக்காம நிக்கலாம்."

அடக்கமாக, பக்கவாட்டில் நின்றேன். ஒரு எழுத்தாளன் நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று அப்போது ரொம்பப் பெருமையாகத் தோன்றியது.*

அங்கிருந்துதான் முக்கியமான தடயம் கண்ணில் பட்டது. மற்ற வீடுகளின் வாசலில் வெறும் இடைவெளிதான், படி கிடையாது. பதினோராம் நம்பருக்கு மட்டும் சேற்றைக் குழைத்து, நாலு விரல் உயரத்துக்கு, ஒரு படியே செய்து வைத்திருந்தாள். விளிம்பெல்லாம் கையால் வழித்து வழித்து.

டெபோராவிடம் மெதுவாகக் கேட்டேன். "இருபத்தொரு வீட்டுக்கு இல்லாத வாசப்படி இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஏம்மா?"

படியின் விளிம்பை இன்னொரு முறை வழித்தாள். முப்பது வருடம் போலீஸ் விசாரணை எழுதியவன் நான். நோட்டை இறக்கிக்கொண்டேன்.

"எங்கம்மா சாவுக்குத் தெருவுல நின்ன பொம்பள சார் அது" என்றாள். "எனக்கு ஜடை போட்டது அத்ததான். ஒரு தபா எங்க வூட்டுக்குள்ள வந்து ஒக்காந்து டீ குடிக்கணும். அவ்ளோதான். சத்தியம் பண்ண படி கடலுக்குள்ள கீது, அத எங்க போய் மீட்கறது? அதான் செஞ்சி எட்தாந்தேன். அது மேலயே நின்னு, வாபஸ்னு சொல்லட்டும்."

இந்த வேலைக்காக அவள் எழுதிக் கொடுத்த கண்காட்சிக் குறிப்பில் இந்த நோக்கம் இல்லை. 'நிலமும் நினைவும்' என்று நாலு பக்கம் இருக்கிறது.

*இந்தப் பெருமை எப்படி முடிந்தது என்பது ஏழாம் பகுதியில்.

6

ஒன்பதரை மணிக்குத் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அலை முன்பு நின்ற இடத்தைத் தாண்டி ஒரு முழம், அடுத்தது இன்னொரு முழம். வாசல்கள் கடல் பக்கம் என்பதால் முதலில் போகப்போவது வாசல்கள்தான். ஜனங்கள் மெதுவாக வீடுகளைவிட்டு வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். இருதயம்மாளும் போட்டுக்கொண்டார். ரப்பர் செருப்பு. ஒரு வார் பச்சை, ஒரு வார் நீலம்.

பதினோராம் நம்பருக்குள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஸ்டானிஸ்லாஸ், ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"டீ ஆறுது."

"பூமாரி, யாராண்ட சொல்றான் இவன்?" என்றார் இருதயம்மாள்.

"உன்னாண்டதான், வேற யாராண்ட? போயேன்."

"நான் சத்தியம் பண்ணவ. அவனாண்ட சொல்லு."

"பூமாரி, சத்தியம் படி மேலதானே? வூட்டு மேல இல்லியேன்னு கேளு" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"நடுவுல நான் இன்னா போன் கம்பியா?" என்றார் பூமாரி. "தே, இருதயம். இது வெறும் சேறு. கோடு போட்ருக்கு. கோட்டுக்குப் போய் சத்தியமா?"

"கோடுன்னா நீ இன்னாத்துக்குக் காலைலேர்ந்து செருப்ப வெளிய வுட்ட?"

பூமாரி குனிந்து தன் கால் செருப்பைப் பார்த்தார். நான் ஷூ இல்லாத என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

"அந்தச் செவுத்தாண்டயாவது தாண்டி வாயேன் அத்த" என்றாள் டெபோரா.

"செவுரு ஏறிக் குதிக்க நான் இன்னா திருடியா?"

"படி மேல நின்னு வாபஸ்னு சொல்லிட்டுப் போ."

"சொன்ன வார்த்தைய முழுங்கறதுக்கு நான் மீனாடி?" என்றார். பிறகு சட்டென்று நேராகத் தம்பியைப் பார்த்து, "படிய மிதிக்காம வூட்டுக்குள்ள எப்டிடா வர்றது? கூரையப் பிச்சிகினா?" என்றார்.

'டா.' இருபத்து நாலு வருடம் கழித்து நேராகத் தம்பியிடம் சொன்ன முதல் வார்த்தையில் அது இருந்தது. கவனித்தீர்களா? ஸ்டானிஸ்லாஸ் கவனித்தார். ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

இந்த இடத்தில் 'தொடரும்' போட்டால் கதை பிரமாதமாக நிற்கும். என் கை அரிக்கிறது. போடவில்லை.

அதற்குப் பதிலாக, நான் எழுதிப் பார்த்த முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் முடிவு: ஸ்டானிஸ்லாஸ் மணலைத் தோண்டுகிறார். பழைய அஸ்திவாரக் கல் ஒன்று தட்டுப்படுகிறது. அதில் தாத்தா செதுக்கிய எல்லைக் குறி. யார் சொன்ன முழம் சரி என்பது— எழுதியபோதே சிரிப்பு வந்தது. அசல் மனை கடலுக்குள் இருக்கிறது. இங்கே தோண்டினால் நண்டுதான் வரும்.

இரண்டாவது முடிவு: ஒரு பெரிய அலை. படி கரைகிறது, சுவர் இரண்டும் கரைகின்றன, அக்காவும் தம்பியும் முழங்கால் தண்ணீரில் கட்டிக்கொள்கிறார்கள். எங்கள் ஆசிரியர் இதற்குக் கண்ணீரோடு முழுப்பக்கப் படம் போடுவார். இரண்டு நாள் இதை வைத்திருந்தேன். பிறகு, அன்றைக்கு ஸ்டானிஸ்லாஸ் செய்ததைத் திரும்பத் திரும்ப யோசித்து, எடுத்துவிட்டேன்.

7

அவர் செய்தது இது.

எழுந்தார். தலையைக் குனிந்து, படியைத் தாண்டி வாசலுக்கு வெளியே வந்தார். அலை இரண்டு ஆள் தூரத்தில் இருந்தது. வலது காலைத் தூக்கி அந்தப் படியை மிதித்தார். ஒரு மூலை நசுங்கியது. மறுபடி மிதித்தார்.

"அப்பா!" என்று கத்தினாள் டெபோரா. மூன்று நாள் குழைத்துச் செய்த படி. "ரெண்டு நிமிஷம் இருந்தா தண்ணியே வந்து எட்துக்கும்பா."

"தண்ணி ஒரு தபா இட்ச்சிச்சி" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "யார் மேல தப்புன்னு யாரும் சொல்லாமயே பூட்சி. இந்தத் தபா நான் இடிக்கிறேன்."

கணுக்கால் வரை கறுப்பு. குதிகாலால் தேய்த்தார். இடது காலாலும் தேய்த்தார். அறுபத்து நாலு வயது மனிதர், பிடித்துக்கொள்ள நிலைகூட இல்லாத வாசலில், ஒரு கையைக் காற்றில் ஊன்றிக்கொண்டு. கடைசியில் மணலும் சேறும் கலந்து அங்கே ஒரு சாம்பல் நிறத் தரை மட்டும் இருந்தது. படி இல்லை.

"இப்ப வூட்டுக்கு வாசப்படி இல்லக்கா" என்றார்.

இருதயம்மாள் தரையைப் பார்த்தார். தம்பியின் காலைப் பார்த்தார்.

"செவுரு?" என்றார்.

"அத்த அப்பால இடிக்கலாம்." ஸ்டானிஸ்லாஸ் முகவாயால் என் பக்கம் காட்டினார். "நடுவுல ஆளு நிக்கிறாரே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு முழச் சந்தில், நோட்டும் பேனாவுமாக, பக்கவாட்டில் நான்.

என் முப்பது வருட எழுத்து வாழ்க்கையில் எந்தப் பிணத்திடமிருந்தும் நான் கண்ணை எடுத்ததில்லை. அறுத்த கழுத்து, அழுகிய உடல், எல்லாம் உன்னிப்பாகப் பார்த்து எழுதியிருக்கிறேன். அன்றைக்கு நோட்டை மூடினேன். சந்தின் திறந்த வாயால் வெளியே வந்து, பூமாரி வாசலில் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருக்கோடி வரை நடந்து, முதல் வீட்டைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினேன். குறுக்கே போனால் பாதி தூரம். குறுக்கே போகவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதனால் அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாக. (அந்தோணியார் மேல் அல்ல. அவருக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.)

8

கல் மேட்டில் ஷூ போட்டுக்கொள்ள உட்கார்ந்தபோது ஒரே ஒரு தடவை பார்வை போய்விட்டது. பதினோராம் நம்பரைச் சுற்றி ஜனங்கள் மறைத்துக்கொண்டு நின்றார்கள். முதுகுகள்தான் தெரிந்தன. கால்களுக்கு நடுவே, படி இருந்த இடத்துக்கு வெளியே, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒரு வார் பச்சை, ஒரு வார் நீலம்.

அலை கொண்டுவந்து போட்டிருக்கலாம் என்று ஒரு வக்கீல் வாதாடுவார். நடுக்கத்தில் கழன்றிருக்கலாம் என்று இன்னொருவர். நான் பார்த்ததை மட்டும் சாட்சியமாகச் சொல்கிறேன்: இரண்டும் ஒட்டி, நேராக, முனை வீட்டைப் பார்த்தபடி இருந்தன. அலைக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

எட்டாவது அத்தியாயம் இன்னும் எழுதவில்லை. அந்தச் சாட்சியை அந்தக் கரையில் ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆள் உயிரோடுதான் எங்கோ இருக்கிறான். அவனை என்ன செய்வதென்று தெரியாமல் ஆசிரியரின் போனை எடுக்காமலிருக்கிறேன்.

இந்தக் கதையை நீங்கள்தான் முடிக்க வேண்டும். உங்களிடம் எல்லாம் இருக்கிறது: ஆறிக்கொண்டிருக்கும் டீ, ஒரு ஸ்டூல், இரண்டு கறுத்த கால்கள், ஏறிக்கொண்டிருக்கும் தண்ணீர், பூமாரியின் வாய். அந்த அம்மாவை உள்ளே கொண்டுபோவதோ, இன்னொரு இருபத்து நாலு வருடம் வெளியே நிறுத்துவதோ உங்கள் இஷ்டம். நான் தலையிட மாட்டேன்.

ஒன்றே ஒன்று. எழுதப் போகும்போது எங்கே நுழைகிறீர்கள் என்று பார்த்து நுழையுங்கள். சுவரை மிதித்துவிடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் வழியாகப் போங்கள். நிலை தாழ்வு, தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள்.